எட்டு மணி நேர வேலை, ஒரு கக்கூஸ்

ஜூன் 10, செவ்வாய்

காற்று. விடிந்ததிலிருந்து மண்ணை வாரி அடிக்கிறது. கேட் ரூமில் மேஜை, போன், கொடி, எல்லாம் புழுதி. இந்த வாரம் பகல் டியூட்டி, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு. கேட்டுக்கு ரெண்டே ஆள்.

வாங்க வேண்டியது: பாப்பாவுக்கு ஆறாம் வகுப்பு நோட்டு, பிரவுன் அட்டை, ரிப்பன். இவருக்குப் பல்வலி மாத்திரை. கோதுமை மாவு.

டாக்டரம்மா சொன்னது: நிறையத் தண்ணீர் குடிக்கணும், மூத்திரத்தை அடக்கவே கூடாது. இதே இன்பெக்‌ஷன் திரும்பத் திரும்ப வந்தால் கிட்னி வரை போகுமாம். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ரயில்வே கேட்டில் கக்கூஸ் கிடையாது என்று சொல்லவில்லை. சொன்னால் அந்தம்மாவா கட்டித் தரப் போகிறார்.

மேரி போன் பண்ணினாள். அடுத்த ஸ்டேஷன் தாண்டி இருக்கிற கேட்டில் அவள். கைக்குழந்தைக்காரி. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அவளுடைய வைத்தியம் வேறு: காலையில் ஒரு டம்ளரோடு சரி, அப்புறம் நாள் முழுக்க வாயில் நெல்லிக்காய். "தாகமே தெரியாதுக்கா." பால் கொடுக்கிறவள் செய்கிற வேலையா இது! திட்டினேன். சிரிக்கிறாள்.

மதியம் வழக்கம்போல எதிரே பனியன் கம்பெனி கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தேன். சரசக்கா அங்கே செக்கிங் சூப்பர்வைசர். எனக்காக வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிற மகராசி. இன்றைக்கு அவர் முகமே சரியில்லை. "நாளையிலிருந்து ஆடிட்டு கண்ணு. வெளியாளு ஒருத்தரையும் உள்ள உடக்கூடாதுன்னு போட்டாங்க. வெளிநாட்டு பையர் ஆளுங்க வந்து கக்கூஸ எண்ணுவாங்க, இத்தன பொம்பளைக்கு இத்தனன்னு. ஆடிட்டு முடியட்டும், அப்பறம் வா."

கொடுத்து வைத்த பொம்பளைகள். எங்கள் கேட்டுக்கு எந்த வெள்ளைக்காரன் எண்ண வருவான். வந்தாலும் எண்ண ஒன்று இருக்க வேண்டுமே.

ஜூன் 11, புதன்

 நடந்ததை எழுதினால் மனசு ஆறுமோ என்று எழுதுகிறேன்.

கோவை பக்கம் போகிற வண்டியை அனுப்பிவிட்டு, இனி கொஞ்ச நேரம் வண்டி இல்லை என்று நினைத்துப் போனேன். கம்பெனி கிடையாதே. பின்னால் வடக்கத்திப் பிள்ளைகள் குடியிருக்கிற லைன் வீடு வரை நடை. ஒரே கக்கூஸ், வெளியே வரிசை. ஒரு பெண் என் யூனிபார்மைப் பார்த்து, "தீதி, ஆப் ஜாயியே", அக்கா நீங்க போங்க என்று வழி விட்டாள்.

திரும்பி ஓடி வரும்போதே போன் மணி கேட்கிறது. எப்போதிலிருந்து அடித்ததோ. தாமதமாக வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ் ஒன்று. ஸ்டேஷன் மாஸ்டர் (எஸ்.எம்.) போன் பண்ண, நான் கேட்டைச் சாத்திவிட்டு அதற்கு அடையாளமாக ஒரு நம்பர் சொன்னால்தான் சிக்னல் கொடுப்பார். அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் வண்டி நின்றது நின்றதுதான்.

"எங்கம்மா போனீங்க? கண்ட்ரோல்ல என்னைய கிழிக்கிறான்!"

கேட்டைச் சாத்தி நம்பரை மட்டும் சொன்னேன். எஸ்.எம். ஆம்பளை. நல்ல மனுஷன்தான். இருந்தாலும் எப்படிச் சொல்ல?

ஜூன் 12, வியாழன்

எதிர்பார்த்ததுதான். விளக்கம் எழுதித் தரச் சொல்லி மெமோ.

ராத்திரி டியூட்டிக்கு என்னை மாற்றிவிட வருகிற முருகேசண்ணன் மிலிட்டரியில் இருந்துவிட்டு வந்தவர். மெமோவைப் பார்த்துச் சிரித்தார். "இதுக்கா மொகத்த தூக்கி வெச்சிருக்கீங்க? பனியன் லோடு லாரி கேட்டுல மாட்டிக்கிச்சு, எறங்கிப் போயி ஒதுக்கிட்டு இருந்தேன்னு எழுதுங்க. எல்லாரும் அதத்தான் எழுதறது. லைன்ல இதுவரைக்கும் மாட்டாத லாரியே இல்ல." ஆபீசிலும் தெரியுமாம். படிப்பார்களாம், எச்சரித்து பைலை மூடுவார்களாம். அவ்வளவுதானாம்.

லாரிக் கதையை எழுத உட்கார்ந்தேன். அப்போது யூனியன் செயலாளர் துரைசாமியண்ணன் வந்தார். டிராக்மேன், ஊத்துக்குளிக்காரர். நாலு பேர் மாதிரி சந்தா வசூலோடு நிற்கிற ஆள் இல்லை. "லாரியெல்லாம் வேண்டாமுங்க தங்கச்சி. உள்ளத உள்ளபடி எழுதுங்க. எட்டு மணி நேர வேலை, கேட்டுக்கு மூணாவது ஆளு, ஒரு கக்கூஸ். எத்தன வருசமா கேக்கறோம். கையில ஒரு கேசு இல்லாம அவிங்க காதுல ஏறமாட்டீங்குது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் ரோஷம். எழுதினேன்: 'கேட்டில் கழிப்பறை இல்லாத காரணத்தால் சிறுநீர் கழிக்க வெளியே சென்றிருந்தேன்.' கையெழுத்து.

ராத்திரி இவரிடம் சொன்னேன். தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. "எழுத்துல குடுத்துட்டியா? டூட்டிய விட்டுப் போனேன்னு நீயேவா? கிறுக்கச்சி!"

ஜூன் 15, ஞாயிறு

ஓய்வு நாள். யூனியன் ஆபீசில் கூட்டம். பெண் நான் ஒருத்திதான். மேரிக்கு டியூட்டி.

துரைசாமியண்ணன் என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். எதற்குப் படித்தார்! சிறுநீர் என்று வந்ததும் பின்னால் எவனோ கனைத்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். காது மடல் சுட்டது.

அப்புறம் கோஷம் போட்டார்கள். "வேண்டும் வேண்டும், எட்டு மணி நேர வேலை வேண்டும்!" நானும் போட்டேன். இத்தனை ஆம்பளைகள் நமக்காகக் கத்துகிறார்களே. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது.

டீ, மெதுவடை. வடையில் உப்பு இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கக்கூஸுக்கு இடம் அளக்க என்ஜினியர் வந்தார். டேப்பை நானும் ஒரு முனையில் பிடித்தேன். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், ஆள் நிற்கிற அளவு இடம். "எஸ்டிமேட் போகணும்மா. ஃபண்டு வந்தா கட்டிடலாம்." கேட்டுக்கு மூணாவது ஆள்? அது அவர் கையில் இல்லையாம்.

போகும்போது ஒரு கவர் கொடுத்துவிட்டுப் போனார். சார்ஜ் மெமோ. குற்றம்: பணியிடத்தை விட்டு அகன்றது. சாட்சி, என் கடிதமே.

முருகேசண்ணன் அதைப் படித்தார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 24, செவ்வாய்

காற்று குறைந்திருக்கிறது. பாப்பாவுக்குப் புது ஸ்கூல் பிடித்துவிட்டது. கிளாஸ் டீச்சர் பெயர் சொல்லித்தான் தூங்குகிறாள்.

அதிகாரிகளோடு யூனியன் பேச்சுவார்த்தை இன்றைக்கு. சாயங்காலம் துரைசாமியண்ணன் போன். குரலில் துள்ளல்.

எட்டு மணி நேரம்: பரிசீலனையில்.
மூணாவது ஆள்: பரிசீலனையில்.
கக்கூஸ்: நிதி ஒதுக்கீட்டுக்குப் பிறகு.
என் சார்ஜ்: ரத்து.

"அதுமட்டுமில்லீங்க தங்கச்சி. உங்க கேச வெச்சே ஒண்ணு வாங்கிட்டமுங்க. கழிப்பறை இல்லாத கேட்டுல இனிமே பொம்பளைங்கள போடமாட்டாங்களாம். உடனே ஆர்டர்னு பெரிய ஆபீசரே சொல்லீட்டாரு!"

ரொம்ப சந்தோஷம்ணா என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. என் கேட்டிலும் கக்கூஸ் இல்லையே.

ஜூன் 27, வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. இத்தனை வேகமாக இவர்கள் ஒரு காகிதம் அனுப்பி நான் பார்த்ததில்லை. எனக்குப் போட்டிருக்கிற ஊர் பெயரை இதுவரை கேள்விப்பட்டதே இல்லை. சேலத்துக்கும் அந்தப் பக்கமாம். அங்கே கேட்டில் கக்கூஸ் இருக்கிறதாம்.

இவருக்குப் பெருமாநல்லூரில் கட்டிங் மாஸ்டர் வேலை. அந்த ஊரில் பனியன் கம்பெனி ஏது? பாப்பா ஸ்கூலில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் மட்டும் போனால் பாப்பாவுக்கு யார் தலை சீவுவது, இவர் ஓவர்டைம் பார்க்கிற நாளில் யார் கதவு திறப்பது. இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வேலைய விட்டுறலாமாட்டி?" என்று மட்டும் கேட்டார். இந்த வேலையின் பரீட்சைக்குப் படித்தபோது பாப்பா மடியில்.

ஜூன் 29, ஞாயிறு

யூனியன் ஆபீஸ். நானே எழுதிக்கொண்டு போனேன். 'கழிப்பறை இல்லாத தற்போதைய கேட்டிலேயே பணிபுரிய எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இதன் பொருட்டு எவ்விதக் கோரிக்கையும் வைக்கமாட்டேன்.'

துரைசாமியண்ணன் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுப் படித்தார்.

"இத யூனியன் எப்படீங்க அனுப்பறது? கக்கூஸ் வேணும்னு கொடி பிடிச்சதே நாமதானுங்க. இப்ப வேண்டாம்னு போயி நின்னா நாளைக்கு ஒண்ணும் கேக்க முடியாதுங்களே."

"எனக்கு வேண்டாம்ணா."

"உங்களுக்காகத்தானுங்க தங்கச்சி கேட்டோம்."

அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக ஆபீசுக்கே அனுப்பினால்? அங்கே கிளார்க் வெள்ளிக்கிழமையே போனில் சொன்னது: உங்கள் நலனுக்காகப் போட்ட ஆர்டர், ரத்து பண்ண விதி இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

வெயில். கடைசி டியூட்டி.

எனக்குப் பதில் வந்த பையனுக்கு எல்லாம் காட்டினேன். நெம்புகோல், சிவப்புக் கொடி, தண்ணீர்க் கேன், எந்த டிரைவர் ஹாரனை விடமாட்டான் என்பது. கக்கூஸ் எங்கே என்று அவன் கேட்கவே இல்லை. மரத்தடிக்குப் போனான், ஜிப்பை இழுத்துக்கொண்டு வந்தான்.

செய்ய வேண்டியது: பாப்பா டீச்சரைப் பார்ப்பது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, அந்த ஊரில் ரூம் வாடகை விசாரிப்பது.

மாலை மேரி போன். ஹலோ சொல்லவில்லை. குழந்தை அழுகிற சத்தம்தான் முதலில். ஆர்டரில் அவள் பெயரும் இருக்கிறதாம், இந்த லைனில் இருக்கிற எல்லாப் பெண்கள் பெயரும். அவளுக்குப் போட்டிருப்பது இன்னும் தூரம்.

"பிள்ளைய தூக்கிட்டு நான் எங்கக்கா போவேன்?"

யூனியனில் பேசலாம் என்றேன். நான் சொன்னது எனக்கே கேவலமாக இருந்தது.

"உண்மைய எழுதச் சொல்லி உங்களுக்கு யாருக்கா சொன்னது? நாங்க எல்லாரும் அடக்கிக்கிட்டுத்தானக்கா இருந்தோம்."