அக்கரை மண்

ஜூன் 12, 2022

மழை. ஃபெர்கஸின் சவாரிக் கோட்டுக்குப் பித்தான் தள்ளித் தைத்தேன், தோளில் பிடிக்கிறதாம். எங்கள் ஸ்காட்லாந்து ஊரின் எல்லைச் சவாரியில் இந்த ஆண்டு ஊர்க்கொடியைப் பிடித்து முன்னால் போகிறவன் என் மகன்! எல்லையில் ஓடும் ட்வீட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் போய், இரண்டு நாடும் மோதிக்கொண்ட பழைய போர்க்களத்திலிருந்து ஒரு புல்மண் கட்டி வாங்கி வர வேண்டும். அதை வெட்டிக் கொடுப்பவர் அக்கரையில் பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது வழக்கம். பல வருடமாக வெட்டிக் கொடுப்பது என் கணவர் நெவில்தான். அப்பா கொடுக்க மகன் வாங்கப்போகிறான் என்று ஆளாளுக்கு என்னை நிறுத்திச் சொல்கிறார்கள். பெருமையாகத்தான் இருக்கிறது.

ஜூன் 28

ஸ்காட்லாந்து தனியாகப் போவதா என்று அடுத்த வருடம் அக்டோபரில் வாக்கெடுப்பாம். டிவியில் அறிவித்ததும் ஃபெர்கஸ் கைதட்டினான். நெவில் முள்கரண்டியைக் கீழே வைத்தார். எட்டு வருடம் முன் இதே கேள்விக்கு நடந்த போன வாக்கெடுப்பில் என் அண்ணனோடு நின்றுபோன பேச்சு இன்னும் திரும்பவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்ததிலிருந்து எங்கள் ஆட்டுக்குட்டிகளை பிரான்சுக்கு அனுப்புவதற்குள் உயிர் போய்விடுகிறது. நெவில் அதைத்தான் ஆரம்பித்தார்.

"ஒரு கதவை மூடினதுக்கே மூச்சு முட்டுது. இன்னொன்னையும் மூடணுமா?"

"மூடினது நாங்க இல்லப்பா. ஸ்காட்லாந்துல நாங்க வெளியேற வேணாம்னுதான ஓட்டுப் போட்டோம்."

"நாங்கன்னா யாரு? அதுல நான் இருக்கேனா?"

ஃபெர்கஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கீங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

ஜூலை 3

இருவரும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள். உப்பு வேண்டும் என்பதைக்கூட.

ஜூலை 17

ஃபெர்கஸ் குதிரைப் பயிற்சி என்று சொல்லிவிட்டு நண்பன் வீட்டிலேயே தங்குகிறான். பயிற்சிக்கும் தூங்குவதற்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்கவில்லை.

பாலத்தில் காரை ஓட்டும்போது, இங்கே ஒரு எல்லைச் சாவடி வந்து காகிதம் கேட்டால் என்று நினைத்தேன். நெவிலின் தங்கை அக்கரையில். எங்கள் பல் வைத்தியரும் அக்கரையில். அதெல்லாம்கூடப் போகட்டும். நெவில் ஒருநாள் போய்விட்டுத் திரும்பி வராமல் இருந்துவிட்டால்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

ஜூலை 29

கறிக்கடைக்காரி நெட்டா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: ஃபெர்கஸின் கூட்டாளிகள் மதுக்கடையில் பேசிக்கொண்டார்களாம், அவன் இங்கிலாந்துக்காரர் கையால் மண் வாங்கமாட்டான், குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான் என்று. ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது! அவனிடமே கேட்கலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

ஆகஸ்ட் 2

நெவிலிடம் சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால் மண்ணை ஏந்திக்கொண்டு நிற்கும் மனிதர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே? அவர் பூட்ஸைக் கழுவிக்கொண்டே இருந்தார். சேறு எப்போதோ போய்விட்டது.

ஆகஸ்ட் 4

இன்று எல்லைச் சவாரி. நெவில் வரவில்லை. ஆடு நொண்டுகிறது என்று மேட்டு வயலுக்குப் போய்விட்டார்.

முந்நூறு குதிரைகள் மேடேறி வந்தன. ஃபெர்கஸ் முன்னால். வந்தவன் கூட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி கூட்டத்தைத் துழாவினான். விழாத் தலைவர் அக்கரைக்காரர் யாரையோ பிடித்து மண்ணை வெட்டவைத்தார். புது ஆள், கட்டி இரண்டாக உடைந்தது. ஃபெர்கஸ் குனிந்து இரண்டு துண்டையும் வாங்கிக்கொண்டான். சும்மா ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். குதிரையைத் திருப்பும்போது அவன் முகம்... எழுத முடியவில்லை. வாங்கிக்கொண்டானே! கடவுளே, அவன் வாங்கத்தான் வந்திருக்கிறான்.

ஆகஸ்ட் 6

ஃபெர்கஸ் துணி எடுக்க வந்தான். கோட்டைக் கழற்றவேயில்லை.

"அப்பா ஏம்மா வரல?"

சொன்னேன். நெட்டா சொன்னது, நான் நெவிலிடம் சொன்னது, எல்லாமே.

"மதுக்கடையில எவனோ கிண்டலுக்குச் சொன்னது அது. அப்பா கையால வாங்கணும்னுதான் நான் கொடி பிடிக்கவே பேரு குடுத்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாம்மா?"

பயந்துட்டேன்டா என்றேன். நீ எப்பவும் பயந்துகிட்டே இரு என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அந்த வார்த்தையைவிட, அவன் அதைச் சத்தம் போடாமல் சொன்னதுதான் எனக்கு வலிக்கிறது.

செப்டம்பர் 18

ஃபெர்கஸின் வண்டி வந்தது. வீட்டுக்குள் வரவில்லை, நேராக ஆட்டுக் கொட்டகைக்குப் போனான். நெவில் அங்கே இருந்தார். சன்னல் வழியாகப் பார்த்தேன், வாசலில் நாய் மட்டும்தான் தெரிந்தது. இருட்டும்வரை இருந்தான். என்ன பேசினீர்கள் என்று நெவிலிடம் கேட்டேன். ஆடுகளைப் பற்றி என்றார்.

நவம்பர் 23

லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது: அங்குள்ள நாடாளுமன்றம் சம்மதிக்காமல் வாக்கெடுப்பு கிடையாது. ஐந்து மாதமாக நான் பயந்த சாவடி வரப்போவதில்லை, இப்போதைக்கு. மூச்சுவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஃபெர்கஸ் போன் செய்தான். நான்தான் எடுத்தேன். நல்லா இருக்கேன்மா, அப்பாகிட்ட குடு என்றான். நெவில் முன்னறையில் உட்கார்ந்து, "இன்னிக்கு உங்க ஆளுங்களுக்குச் சரியான அடிடா" என்றார். அவன் அங்கிருந்து ஏதோ கத்தினான். இவர் வாய்விட்டுச் சிரித்தார். அரை மணி நேரம் சண்டை, சிரிப்பு, மறுபடி சண்டை. கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நெவில் பேச்சை நிறுத்தினார். "அப்புறம் பேசறேன்டா, உங்கம்மா வந்திருக்கா" என்றார்.