உம் பைக்குள் இருந்த கடைத் தோட்டா

அன்புள்ள மச்சான்,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளும். முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் பழகி ஐந்து மாதம்தான் ஆகிறது. இடது கையில் இரண்டு விரல் இல்லாததால் தாள் நழுவுகிறது. மேலே செம்பை வைத்து எழுதுகிறேன்.

ஆனாலும் சந்தோஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று வேம்பார் பஸ் வந்தபோது கண்டக்டர் கூவுவதற்கு முன்பே போர்டை வாசித்துவிட்டேன். "பெரியவரே, இனும நீரே டிக்கெட்டும் கிழியும்" என்று சிரித்தான். சோப்பு உறை, மருந்துப் புட்டி, சுவர் விளம்பரம், எதையும் நான் விடுவதில்லை.

அதைப் பார்த்துத்தான் அக்காள், பில் குத்திய உம் கம்பியை எடுத்துத் தந்தாள். நீர் இறந்து மூன்று வருடமாக அவள் தொடாத கம்பி. "இத வாசிச்சுப் பழகுலே" என்றாள்.

எழுத்துக் கூட்டினேன். தோட்டா, ஒரு பெட்டி. அடுத்த பில்லிலும் தோட்டா. அதற்கடுத்ததிலும்.

நினைவிருக்கிறதா? உம் கடலைத் தோட்டத்தில் பன்றி விரட்ட என்னிடம் துப்பாக்கியைக் கொடுத்தீர். "ஏலே சூசை, கடையில தோட்டா ஒண்ணு வாங்குத துட்டுக்கு வீட்டுல நாலு அடைச்சிரலாம். பழைய வலையில ஈயம் சும்மாதானல கெடக்கு?" என்றீர். சுட்டுப்போட்ட காகிதத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, வலை ஈயத்தை உருக்கி, உம் வீட்டுப் பின்புறத்தில் நானே அடைத்தேன். உப்புக் காற்றில் கூடு ஊதிப்போகும். குழலுக்குள் சண்டை போட்டுத்தான் நுழையும். "புதுசு வாங்குவோமே மச்சான்" என்று ஒருமுறை கேட்டேன். "நான் மட்டும் என்ன பொன்னுலயா சுடுதேன்? நானும் இதத்தாம்ல சுடுதேன்" என்றீர்.

ஒரு சாயங்காலம் அது கையிலேயே வெடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, "தோட்டாவுல மருந்தக் கூடுதலா அள்ளிப் போட்டுட்டியேல" என்றீர். நம்பினேன். என் கைப்பிழை என்று சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம்கூடச் செய்தேன். அதன்பின் வருடாவருடம் நீர் அனுப்பிய அரிசி மூட்டையை, உம் இரக்கம் என்று கும்பிட்டு வாங்கினேன்.

என் விரல் போன அதே மாதத்திலும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறீர், மச்சான். துறைமுகத்து ஆபீசர்களோடு ஞாயிறுதோறும் உள்ளான் பறவை சுடப் போனீரே, அதற்குத்தானே? வீட்டில் அடைத்தது அத்தனை நல்லதென்றால் உம் பைக்குள் ஏன் போகவில்லை? என் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எத்தனை பெட்டி வாங்கியிருக்கலாம் என்று என்றாவது கணக்குப் பார்த்தீரா?

"என்னல எழுதியிருக்கு?" என்று அக்காள் கேட்டாள். உம் படத்துக்கு அப்போதுதான் மெழுகுதிரி ஏற்றியிருந்தாள்.

"மண்ணெண்ணெய், அக்கா" என்றேன்.

"பூராவுமா? ஒத்த வெளக்குக்கு இம்புட்டு மண்ணெண்ணெயா?" என்று சிரித்தாள். பிறகு, "நானும் ஒங்கூட வகுப்புக்கு வாரேன். அந்த மனுசன் என்னல்லாம் வாங்கிப் போட்டாருன்னு நானே வாசிச்சுப் பாக்கணும்லா" என்றாள்.

எழுத்து தெரிந்த பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. உமக்காகச் சொன்னேனா, அவளுக்காகவா? தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் வகுப்பில் சேருகிறாள். கம்பியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன். ஒரு பில்லையும் கிழிக்க மாட்டேன். அவளை ஏமாற்ற இரண்டாவது ஆள் வேண்டாம். எதுவரை படித்திருக்கிறாள் என்று அடுத்த வாரம் உமக்கு எழுதுவேன். அவள் அந்தப் பில்களுக்கு வந்து சேரும்வரை வாராவாரம் எழுதுவேன்.

இன்னமும் உம் மைத்துனன்,
சூசை