மைதா மேல் வந்த புகார்

3 நவம்பர், திங்கள்
சிட்டு, உன் முயல் மைதா குட்டி போட்டுவிட்டாள். ஐந்து. தோலுரித்த சீனிக்கிழங்கு மாதிரி இருக்கின்றன. தன் வயிற்று முடியைத் தானே பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டிருக்கிறாள். நீ காய்ச்சலில் போய் எழுபது நாள். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

4 நவம்பர்
மைதா குட்டிகள் பக்கமே போகவில்லை. பகல் முழுக்க மறுமூலையில் அகத்திக்கீரை தின்கிறாள். உன் அத்தை ஆறுமுகத்தாய் பார்த்துவிட்டு மோவாயில் கை வைத்தாள். "ஏட்டி முத்துச்செல்வி, இதெல்லாம் ஒரு தாயா? எங்க வெள்ளாடு குட்டியக் காணலைன்னா ஊரையே கூட்டிருமே."

5 நவம்பர்
துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க, இன்னும் ஆள் வருகிறது. இன்று நாலு பேர். உன் படத்தை ஒரு தடவை பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், பிறகு முயலை விசாரிக்க உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் தவசி அண்ணாச்சி சொன்னார்: "பன்னி கூட படுத்துல்லா பால் குடுக்குது. இது படுக்கவே மாட்டேங்குதே. கொழுப்பு." அவருக்கு நாலு பிள்ளைகள். எது எந்த வகுப்பு என்று கேட்டால் முழிப்பார். தாய்மை மட்டும் தலைகீழ்ப் பாடம்.
உன் அத்தை: "விடியுமுன்ன வேன் ஏறித் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறவ வீட்டு முயலு. வேற எப்படி இருக்கும்?"
நீ போனதிலிருந்து நான் வேன் ஏறவே இல்லை. அது அவளுக்கு மறந்துவிட்டது.

6 நவம்பர்
குட்டியை ஒதுக்கும் ஆட்டைக் காலைப் பிடித்து நிறுத்தி ஊட்ட வைப்பார்கள். அத்தை அதையே மைதாவிடம் செய்தாள். முடியவில்லை. கோழி மூடும் பஞ்சாரத்தைக் கொண்டுவந்து, தாயையும் குட்டிகளையும் ஒன்றாக மூடி, மேலே கல் வைத்தாள். "கெடந்து பழகட்டும்."
நான் தடுக்கவில்லை. சந்தேகம் வந்துவிட்டது — மைதா மேலா, என் மேலேயேவா?

7 நவம்பர்
ஒரு குட்டி மிதிபட்டுச் செத்துக் கிடந்தது. ராசியில்லாத வீடு என்றாள் அத்தை. பஞ்சாரத்தைத் தெருவில் வீசினேன். "மதினி, எம் பிள்ளையும் போயிட்டா. அவ வளத்ததையாவது விடுங்க."

8 நவம்பர், சனி
கோவில்பட்டிக்குப் போய்க் கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டேன். மிச்சக் குட்டிகளுக்கு வயிறு எப்படி இருக்கு என்றார். உருண்டையாக என்றேன். "அப்ப குடிக்குதுல்லா. முயல் நாளுக்கு ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு தடவை, அஞ்சு நிமிஷம் குடுத்துட்டுப் போயிரும். கூடவே கெடந்தா பாம்பும் பூனையும் மோப்பம் பிடிச்சு வந்துருமே. அதுக்குத்தான் தள்ளியிருக்கு."
வந்து அத்தையிடம் சொன்னேன். "அந்தம்மா பிள்ள பெத்துருக்காவளா?" என்றாள்.

10 நவம்பர்
காலை நாலரை. உலை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைதா பெட்டிக்குள் குதித்தாள். படுக்கவில்லை, நின்றாள். நாலும் கண் திறக்காமலே மல்லாந்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டன. உலை கொதிக்குமுன் வெளியே வந்துவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

14 நவம்பர், வெள்ளி
குட்டிகள் கண் திறந்துவிட்டன. தான் பஞ்சாரம் போட்டுப் பழக்கியதால்தான் பிழைத்தன என்று அத்தை தவசி அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். சொல்லட்டும்.
இன்று வேன் ஏறினேன். உள்ளே இருந்தவர்கள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்கள்.
நீ இருந்தபோது அதே நாலரை மணிக்கு உன் தலையைத் தடவி, போர்வையை இழுத்துவிட்டுத்தான் தினமும் கிளம்புவேன். நீ உறங்குவதாக நினைத்துக்கொண்டு. நான் வந்து போனது உனக்குத் தெரியுமா சிட்டு?