கண்ணளவில் வெட்டிய காலர்

அன்புள்ள மகனுக்கு,

ஆண்டவர் கிருபையில், முழங்கால் வலி தவிர, உன் அம்மா சுகம். நீயும் மருமகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம். கடைசி வரி வரை வாயைத் திறக்காமல் படி.

மருமகளுக்கு இருமல் விட்டதா? தையல் மிஷினுக்குப் புது பெல்ட் போட்டேன், சத்தமில்லாமல் ஓடுகிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது. சரிசெய்தது யார் என்று பிறகு சொல்கிறேன்.

நம் சபைப் பாடகர் குழு போட்டோவைப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கத்தில் நிற்கும் அந்த ரவுடி யார், அவன் வீட்டுப் பக்கம் வந்தால் நாங்கள் லீவுக்கு வரமாட்டோம் என்று எழுதியிருந்தாய். அவர் லாரி பட்டறையில் வேலை செய்பவர். சிறையில் இருந்தவர்தான். கழுத்தைச் சுற்றிப் பாம்பு பச்சை குத்தியிருப்பதும் உண்மைதான். அவர் பாடினால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்கள்கூட எழுந்துவிடுகிறார்கள்.

குழுத் தலைவரை உனக்குத் தெரியும். நீங்களெல்லாம் சின்ன வயதில் பெரிய தொண்டை என்று பட்டப்பெயர் வைத்தீர்களே, அவரேதான். அவருக்கு இவருடைய குரல் வேண்டுமாம், கழுத்து வேண்டாமாம். குழுவுக்கு நான் தைக்கும் அங்கிகளில் இவருடையதற்கு மட்டும் காது வரை உயரமாகக் காலர் வைக்கச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

இப்போது கேள், உன் அம்மாவின் லட்சணத்தை. முப்பது வருடத்தில் அளக்காமல் ஒரு துணியில் கத்திரி வைத்தவள் இல்லை நான். அவர் கழுத்துக்கு மட்டும் டேப் வைக்கவில்லை. அந்தப் பாம்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகப் பயம். அருவருப்பும்தான், ஏன் மறைக்க வேண்டும்? தள்ளி நின்று கண்ணாலேயே அளந்து வெட்டி, கான்வாஸ் வைத்து விறைப்பாகத் தைத்துக் கொடுத்தேன்.

இரண்டு ஞாயிறு அதைப் போட்டுக்கொண்டு பாடினார். அங்கிகள் துவைக்க வந்தபோது பார்க்கிறேன், அந்தக் காலரின் உட்பக்கம் சுற்றிலும் இரத்தம் காய்ந்திருந்தது. பட்டறைக்கே போய், ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டேன். கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே, விடுங்கக்கா, என் கழுத்தைப் பாத்து எல்லாரும் ஒதுங்கிப் போறாங்க, நீங்க ஒருத்தர்தான் அதுக்குன்னு உக்காந்து தைச்சுக் குடுத்தீங்க, இறுக்குதுன்னு சொன்னா உங்க மனசு நோகாதா என்றார். ஒதுங்கி நின்று வெட்டியதே நான்தான் என்று அங்கேயே சொல்லி அழுதேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். பிறகு, பைப்பு ஒழுகுதுன்னு சொன்னீங்களே, சாயங்காலம் வரேன்க்கா என்றார். வந்தார்.

ஆண்டவர் முகத்தைப் பார்க்கிறவர் அல்ல, உள்ளத்தைப் பார்க்கிறவர் என்று ஞாயிறு பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு வாய் கிழியச் சொல்லியிருப்பேன், நீயும் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டாய். சொன்ன எனக்கே ஏறவில்லை பார்.

அந்தக் காலரைப் பிரித்து அடுப்பில் போட்டுவிட்டேன். பெரிய தொண்டை வாசலில் வந்து குதித்தார். காலர் இல்லாமல் பட்டறைத் தம்பி பாடக்கூடாதாம். அங்கி இருபத்திரண்டும் என் அலமாரியில், சாவி என் இடுப்பில். எல்லோரும் ஒரே மாதிரிக் கழுத்தோடு பாடுவதானால் பாடலாம், இல்லையென்றால் ஒரு அங்கியும் இந்த வீட்டைத் தாண்டாது என்றேன். வேறு தையல்காரரைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தாராளமாகப் பாருங்கள் என்றேன். போதகர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொன்னாலும் சரி, வரும் ஞாயிறு அந்தத் தம்பி பக்கத்தில்தான் நின்று பாடுவேன். இரண்டு பேரையும் சேர்த்தே வெளியே தள்ளட்டும்.

உனக்கும் அதே பதில்தான். அவர் இந்த வீட்டுக்கு வருவார், என் மேஜையில் சாப்பிடுவார். நீ வந்திருக்கும்போதும் வருவார். ஒரு போட்டோவைப் பார்த்தே ஆளை வெட்டிவிட்டாய். என் பிள்ளைதானே, என் கை உனக்கும் வந்திருக்கிறது.

உன் சட்டைக்கு நீலத் துணி எடுத்து வைத்திருக்கிறேன். உன் பழைய அளவு நோட்டில் இருக்கிறது. ஆனாலும் வெட்டவில்லை. நீ வந்து என் முன்னால் நின்றால்தான் டேப்பை எடுப்பேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடு ராசா.

இயேசுவின் அன்பில்,
உன் அம்மா