இரண்டு வயரும் சுவரில்

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுத பூஜை நாளைதான். எங்கள் பார்சல் ஆபீஸில் இன்றே முடித்தாயிற்று. கீழே லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டினார்கள். மேலே மெயினை அணைத்துவிட்டு நானும் ஆபீஸ் பெருக்குகிற மலையம்மாள் அக்காவும் துடைப்பு வேலை. நாற்பது மேசை போன்களில் பாதி அவர், பாதி நான். டிரைவருக்கு ஸ்டியரிங் என்றால் நெட்வொர்க் பார்க்கிற எனக்கு இதுதானே ஆயுதம்? ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து மாட்டினேன். கடைசியாகக் கல்யாணராமன் சார் மேசை. அவர் லீவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அதற்குள் வாசலில் பூசணிக்காய் உடைக்கக் கூப்பிட்டார்கள், வயர்களைச் செருகிவிட்டு ஓடினேன்.

அக்கா என் கை நிறையப் பொரியைத் திணித்தார். "தின்னு பாப்பா, எம்புட்டு எலும்பா இருக்க!"

பத்தாம் தேதி என்னை நிரந்தரம் பண்ணுவதாக மேனேஜர் ஸ்ரீகுமார் சார் சொல்லியிருக்கிறார். சாமி, கெடுத்துவிடாதே.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாள் லீவு முடிந்து காலையில் மெயினைப் போட்டோம். கால் மணி நேரத்தில் எல்லாம் செத்துப்போச்சு. போன் அடிக்கவில்லை, புக்கிங் ஏறவில்லை. எல்லா மேசை வயரும் வந்து சேர்கிற நெட்வொர்க் சுவிட்ச் பெட்டியை அணைத்துப் போட்டால் இரண்டு நிமிடம் உயிர் வருகிறது, மறுபடி படுத்துக்கொள்கிறது.

"திண்டுக்கல் வண்டில மருந்துப் பெட்டி நிக்குது, என்னதான் பண்ற ஆர்த்திகா?" மேனேஜர் கத்தியது கீழே டிரைவர்கள் வரைக்கும் கேட்டிருக்கும்.

இன்டர்நெட் கம்பெனிக்காரனைத் திட்டினேன். அவன் பக்கம் சரியாம். அப்போ எதுடி? எது?

அக்டோபர் 4, சனி

கிடைத்துவிட்டது. சுவிட்சிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இருபத்து மூன்றாவதைப் பிடுங்கியதும் ஆபீஸ் முழுக்க போன் அடித்தது. அந்த வயர் போய் நின்ற இடம், கல்யாணராமன் சார் மேசை.

போனுக்குப் பின்னால் இரண்டு துளை. ஒன்றுக்குச் சுவரிலிருந்து வயர் வரும், மற்றதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டர் அனுப்புவது, வாங்குவது எல்லாம் போன் வழியாகத்தான். யாராவது பேசினால் பேச்சுக்கு முதல் வழி. ஆனால் இங்கே இரண்டு வயரும் சுவரில் இருந்தன! ஒரு வயரில் போன தகவல் மற்றதில் திரும்பி வந்து, ஒன்று நூறாகி, வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. அவர் லீவு என்பதால் அவர் கம்ப்யூட்டர் இணைப்பில்லாமல் கிடந்தது யார் கண்ணிலும் படவில்லை.

"யார் பார்த்த வேலை இது?" என்றார் மேனேஜர்.

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொன்னேன். "துடைக்கிறப்ப மலையம்மா அக்கா மாத்திச் செருகியிருப்பாங்க சார்."

உடனே அவரைக் கூப்பிட்டு, திங்கள் முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் சன்னலோரத்து வரிசையத்தான் தொடைச்சேன். நீயே சொல்லு பாப்பா," என்றார் அக்கா.

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கடைசியாகக் கல்யாணராமன் சார் மேசை. செருகிவிட்டு ஓடினேன்.

நான்தான்.

பத்தாம் தேதி தாண்டிச் சொன்னால் என்ன? ஐந்து நாள்தானே. அதுவரைக்கும் அக்கா வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? என்ன புத்தி இது எனக்கு.

அக்டோபர் 6, திங்கள்

சொல்லவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

கல்யாணராமன் சார் வந்துவிட்டார். "மலையம்மா எங்கம்மா, காணோம்?" என்று என்னிடம்தான் கேட்டார். கேட்காதது மாதிரி நடந்தேன்.

அக்டோபர் 8, புதன்

வேலை கேட்டு வில்லாபுரத்திலிருந்து வேறொரு அம்மா வந்தார். மேனேஜர் அறைக்குள் அவரை உட்கார வைத்திருந்தார்கள். நாளையிலிருந்து வரச் சொல்லிவிட்டால் அக்காவுக்குத் திரும்ப இடமே இருக்காது. கதவைத் தட்டாமலே உள்ளே போய்விட்டேன்.

"அந்த வயரை நான்தான் சார் மாத்திச் செருகினேன்."

அவர் கத்தவில்லை. "சனிக்கிழமை தெரியாதா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும் சார்."

பேனாவை மூடி வைத்தார். "பத்தாம் தேதிய மறந்துரு. ஆறு மாசம் போகட்டும். மலையம்மாவ வரச் சொல்லு."

அக்காவுக்கு நானே போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "சரி," என்றார். அவ்வளவுதான்.

இனி யார் அப்படிச் செருகினாலும் அந்த ஒரு வயர் மட்டும் தானாக அணைகிற மாதிரி சுவிட்சில் அமைத்துவிட்டேன். முன்னாடியே செய்திருக்க வேண்டியது.

அக்டோபர் 10, வெள்ளி

அக்கா வந்தார். வரிசையாக எல்லா மேசையையும் துடைத்தார், கல்யாணராமன் சாரின் போனையும் சேர்த்து. என் மேசைக்கு வந்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தாண்டிப் போனார்.

"அக்கா, என் மேசை?"

"வயரெல்லாம் கெடக்குல்ல மேடம். நீங்களே தொடைச்சுக்கங்க."

நானே துடைத்தேன்.