வயிறு வைத்த பாய்

மார்ச் 2, திங்கள்
கிழிந்த பாய் ஒன்று கடைக்கு வந்தது. உலகத்தைச் சுற்றிப் போகிற பாய்மரப் படகின் பாய். படகில் ஆறு பேர். நான்கு நாள் எங்கள் துறைமுகத்தில் தங்கல். தூக்கிவந்தது கேப்டனும் சமையற்காரரும். கேப்டன் ஒரு பெண். மாற்றுத் துணியும் அவர்களே வைத்திருந்தார்கள்.

"அண்ணே, போர்டுல லாரி தார்ப்பாய்னு இருக்கே. இது கடல் பாய். முடியுமா?" என்றார் சமையற்காரர்.

"பாய்னா பாய்தானே" என்றேன். இருபத்திரண்டு வருஷத் தொழில்!

வெள்ளி காலை காற்று திரும்புகிறதாம். அதை விட்டால் நாலு மாதம் காத்திருக்க வேண்டும். "அவ்வளவு நாள் யாருக்கு லீவு கிடைக்கும்? இங்கேயே கலைஞ்சிடுவோம்" என்றார் கேப்டன். அவசரம் தெரிந்ததும் இரட்டைக் கூலி சொன்னேன். பேரமே பேசவில்லை.

மார்ச் 3, செவ்வாய்
குடோன் தரையில் விரித்தால் பாய் படியவே மாட்டேன் என்கிறது. நடுவில் உப்பல். தார்ப்பாயில் அப்படி இருந்தால் தொங்கின இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும், லாரிக்காரர் வந்து கத்துவார். கடையில் தைக்கிற மிஷின்காரரை விட்டு உப்பலையெல்லாம் மடித்துத் தைக்கச் சொன்னேன். முடிந்தபோது மேசை மாதிரி இருந்தது.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். "நீ ரசீது எழுதற வேலையைப் பாரு" என்றேன்.

மார்ச் 4, புதன்
பாயை ஏற்றினார்கள். நல்ல காற்று. பாய் படபடவென்று அடித்துக்கொண்டதே தவிர, படகு ஊர்ந்தது.

"அண்ணே, காத்து உக்கார பாய்க்கு வயிறு வேணும். உங்க தொப்பையில பாதியாவது விட்டிருக்கலாம்" என்றார் சமையற்காரர். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான்.

'தைக்கச் சொன்னீங்க, தைச்சேன்' என்று நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் கேப்டன் திட்டவே இல்லை. தையலைத் தடவிப் பார்த்தபடி நின்றார். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

வீட்டில் சொன்னேன். பிடித்துக்கொண்டாள்: "அதைத்தானே நேத்து சொல்ல வந்தேன்! பொம்பளைங்க சட்டையில உப்பல் வர எதுக்கு மடிச்சு டாட் பிடிக்கிறேன்? தட்டையா தைச்சா எவ உடம்புல நிக்கும்? துணி ஓரத்தை வளைச்சு வெட்டணும்!"

கடை வைப்பதற்கு முன் ஐந்து வருஷம் இவள் சட்டை தைத்துத்தான் அடுப்பு எரிந்தது. முதல் மிஷினே இவளுடையது. சொந்தக் காலில் நின்றவன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன் — யார் கால்?

மார்ச் 5, வியாழன்
விடிந்ததிலிருந்து தையலைப் பிரித்தோம். படகுக்காரர்கள் ஆறு பேரும் குடோன் தரையில். எனக்கு நூல் பிடுங்குகிற வேலை. "பல்லால கடிக்காதீங்க, பிளேடு எடுங்க" என்று இவள் அதட்டல் வேறு. கேப்டன் உள்ளங்கையைக் குவித்துப் பள்ளம் காட்ட, இவள் சாக்குக்கட்டியால் வளைவு போட்டு, வெட்டித் தைத்தாள்.

நாலு மணிக்கு ஏற்றினார்கள். பாய் உப்பியது. படகு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, இப்பதான் மாசமா இருக்கு!" — சமையற்காரர். கேப்டன் அவள் கையைப் பிடித்தவர் விடவில்லை.

கூலி வேண்டாம் என்றேன். இவள் குறுக்கே வந்தாள்: "அவர் தைச்சதுக்கு வேண்டாம். நான் தைச்சதுக்கு வேணும்." ஒற்றைக் கூலிதான் வாங்கினாள்.

மார்ச் 6, வெள்ளி
ஆறு பேரும் போனார்கள். காற்று திரும்பிவிட்டது.

ஏப்ரல் 11, சனி
அடுத்த துறைமுகத்திலிருந்து படம் அனுப்பியிருக்கிறார்கள். ஆறு தலை, பின்னால் அந்த வயிறு.

இன்று வேறொரு படகுக்காரர் வந்தார். "பாய் தைக்கிற அக்கா இருக்காங்களா?" என்னைத் தாண்டி உள்ளே பார்க்கிறார்!

அவளிடம் பேசினேன். என் பேரம் எதுவும் எடுபடவில்லை. முடிவானது இது: கடல் பாய்க்கு விலை சொல்வது அவள். வருவதில் பாதி அவள் பெயரில். ரசீது நான் எழுத வேண்டும்.