குழி மிதித்த கால்

மதினி, இன்றைக்கு நம் ஊர்ச் சாவடியில் மாட்டு டாக்டர் ஒரு மூட்டையைப் பிரித்தார். மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, காற்றுப் புகாமல் புளிக்கவைத்த தீவனம். எலுமிச்சை ஊறுகாயும் கள்ளும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. எழுந்து ஓடலாம் என்றால், முன்வரிசையில் உட்கார்ந்து தொலைத்திருந்தேன்.

அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் கருகிப் போன பிறகு, இனி அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று இரண்டு மாடு பிடித்தீர்கள். கோடைக்குப் பச்சைத் தீவனம் கிடைக்காது. கொல்லையில் குழி வெட்டி, தட்டையை நறுக்கிக் கொட்டி, காற்று நிற்காதபடி ஒற்றை ஆளாக மிதித்தீர்கள். நான் கம்பெனி வேன் ஏறும்போது மிதித்துக்கொண்டிருந்தீர்கள். இறங்கி வந்தபோதும் அதே வேலை. குதிகால் வெடிப்பில் சாறு இறங்கி எரிகிறது என்று சிரித்தீர்கள்.

“ஏத்தா, இந்தக் குழி கோடையத் தாண்ட வச்சிட்டா, நான் மறுபடி பட்டாசு மருந்தத் தொட வேண்டாம்.”

குழி திறந்த பத்தாம் நாள், உங்கள் அம்மாவுக்கு முடியவில்லை என்று விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அப்போதும் குழிப் பேச்சுதான். “ஓரத்துல ஒரு சாண் வெட்டி எடுத்துட்டு ஒடனே மூடிரு. காத்து பட்டா அம்புட்டும் போச்சு.”

வெட்டினேன். மூட மறந்தேன். மறுநாள் கையை விட்டால் உள்ளே கொதிக்கிறது. கம்பெனியில் என் மண்டையில் ஏற்றியது ஒன்றுதான்: மருந்தைக் குவித்து வைக்காதே, சூடேறி வெடிக்கும், மெல்லிசாகப் பரப்பு. அந்தப் புத்தியோடு தார்ப்பாயை உருவி எறிந்து, குழியை வாரிக் கொல்லை முழுக்கப் பரப்பினேன். சூடு தணிந்தது. பெரிய சாமர்த்தியக்காரி என்ற நினைப்பில், சாயங்காலம் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டு மூடினேன்.

நீங்கள் வந்து திறந்தபோது வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். வேலியோரம் நாலு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“மூடித்தானத்தா வச்ச?”

“மூடாம என்ன மதினி? நீங்க சரியா மிதிக்கல. மிதிச்சிருந்தீகன்னா இப்படியா ஆகும்?”

நாக்குக் கூசாமல் சொன்னேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து உங்கள் காலைப் பார்த்தீர்கள். “ஒத்த ஆளு மிதிச்சது பத்தல போல” என்றீர்கள்.

வேறு தீவனம் இல்லை. பூசணத்தை வழித்துவிட்டு அதையே போட்டீர்கள். சினைமாடு குறைமாதத்தில் கன்றை வீசியது, மூன்றாம் நாள் மாடும் செத்தது. மற்றதை விற்றுவிட்டு, தீபாவளி சீசனுக்கு வேன் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். தினமும் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். உண்மையைச் சொல்ல அது போதாதா? சீசன் முடியுமுன் கம்பெனியில் நீங்கள் வேலை பார்த்த அறை வெடித்தது. பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள். கால் மட்டும் கிடைக்கவில்லை என்றார்கள்.

இன்றைக்கு டாக்டர் சொன்னார்: “சூடா இருந்தா உள்ள காத்து போயிருக்குன்னு அர்த்தம். ஒடனே இறுக்கி மூடணும். பரப்பிவிட்டா மொத்தமும் கெட்டுரும்.” யாராவது இதற்குமுன் குழி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள்.

“எப்படிம்மா கெட்டுச்சு?”

அன்றைக்கு வேலியோரம் நின்ற பெண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். இனி இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று தெரியும். சொல்லிவிடத்தான் எழுந்தேன், சத்தியமாக. வாயைத் திறந்தேன்.

“எங்க மதினி சரியா மிதிக்கல சார்.”

“பாவம், அது ஒத்தையில எம்புட்டுத்தான் மிதிக்கும்” என்று பக்கத்தில் இருந்தவள் உச்சுக் கொட்டினாள்.

நானும் உச்சுக் கொட்டினேன், மதினி.